கோபுரத்தில் யாருக்கு விளக்கு? பங்குப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும்,

இயேசுவுக்குப் புகழ், மரியே வாழ்க.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் ஓர் அறிவிப்பு வாசித்தீர்கள். இந்த வருடம் கொடியேற்றத்துக்குள் நம் கோயில் கோபுரத்தின் உச்சியில் சுழலும் விளக்கு ஒன்று, கோபுரம் முழுக்க நிறம் மாறும் எல்.இ.டி. பட்டைகள். சுற்றியிருக்கிற பத்து ஊருக்கும் தெரியுமாம். அன்று சாயங்காலமே நம் அன்பிய (அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் ஜெபக்குழு) வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. அமெரிக்காவில் ஒரு கோயில், அதன் கோபுரத்தில் ஒரு காலத்தில் கலங்கரை விளக்கு இருந்ததாம். 'அவர்களே வைத்திருக்கும்போது நாம் வைத்தால் என்ன?' என்று கீழே ஒரு வரி. நாற்பது பேர் கைகூப்பியிருந்தார்கள்.

பேரவைக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசத்தான் எழுந்தேன். நேரமாகிவிட்டது, உட்காருங்கள் பெரியவரே என்றீர்கள். சரி, உட்கார்ந்தேன். உட்கார்ந்தே எழுதுகிறேன்.

என்னை உங்களில் சிலருக்குத் தெரியாது. 31 வருடம் கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்தவன். பாம்பன், மணப்பாடு என்று கடற்கரையிலேயே காலம் போனது. கடலே இல்லாத மதுரையில் பிறந்தவனுக்குக் கடலுக்கு விளக்குப் பிடிக்கிற வேலை வாய்த்ததை என் வீட்டுக்காரி கடைசிவரை கேலி செய்தாள். தெருப் பிள்ளைகளுக்கு நான் இன்றைக்கும் 'லைட்டவுசு தாத்தா'தான். ஆகையால் விளக்கைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த அமெரிக்கக் கோயில். படம் பொய்யில்லை. தென் கரோலினா மாநிலத்தில் சார்ல்ஸ்டன் என்ற துறைமுக ஊரில் இருக்கிற புனித பிலிப்பு கோயில் அது. நம் கத்தோலிக்கச் சபை இல்லை, இங்கிலாந்துத் திருச்சபையான ஆங்கிலிக்கன் வழி வந்தது. 1680-இல் தொடங்கிய பழைய சபை. முன்பு இருந்த கோயில் 1835-இல் தீயில் எரிந்துபோக, இப்போதைய கட்டடத்தை அதன்பிறகு எழுப்பினார்கள். கோபுரம் வந்தது இன்னும் கொஞ்சம் தள்ளி, 1850 வாக்கில். சுமார் 200 அடி. அந்தக் கோபுரத்தில் 1893 முதல் 1915 வரை கப்பல்களுக்கான விளக்கு எரிந்தது. இன்றும் ஊரார் அதை 'கலங்கரை விளக்கக் கோயில்' என்றே சொல்கிறார்கள்.

ஆனால் நீங்கள் நினைப்பது போல அது சுழன்று சுழன்று ஊரெல்லாம் வெளிச்சம் அடித்த விளக்கு இல்லை. அது இரண்டு விளக்கில் ஒன்று. ஜோடியில் பின்னால் நிற்கிற விளக்கு. முன் விளக்கு, துறைமுக வாயிலில் தண்ணீருக்கு நடுவே நிற்கிற சம்டர் கோட்டையில் இருந்தது. கோயிலுக்கும் கோட்டைக்கும் நடுவில் சுமார் 6 கிலோமீட்டர். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு விளக்கு. ஒன்று அணைந்தால் மற்றது வெறும் வெளிச்சம். இப்படிப்பட்ட ஜோடியை எங்கள் இலாகாவில் 'லீடிங் லைட்' என்போம்.

அது எப்படி வேலை செய்கிறது என்று புரிய நீங்கள் சார்ல்ஸ்டன் போக வேண்டாம், வண்டியூர் தெப்பக்குளம் போதும். குளத்து நடுவில் மைய மண்டபம், அதன் கோபுரம் உயரம். அந்தத் தீவின் நாலு மூலையிலும் நாலு சின்னக் கோபுரங்கள், குட்டை. கரையில் நடந்துகொண்டே பாருங்கள். உங்களுக்குக் கிட்டத்தில் இருக்கிற சின்னக் கோபுரம், பின்னால் இருக்கிற பெரிய கோபுரத்தை விட்டு விலகி விலகி நிற்கும். நீங்கள் நடக்க நடக்க இரண்டும் நெருங்கி வரும். சரியாகக் குளத்தின் மூலைக்கு வந்ததும் சின்னது பெரியதன் நெஞ்சுக்கு நேராக வந்து நிற்கும். ஓரடி தள்ளினால் மறுபடி விலகும். சின்ன வயதில் தெப்பத் திருவிழாவுக்குப் போனபோது கூட்டத்தில் இதை வேடிக்கையாகப் பார்த்திருக்கிறேன். பிற்பாடு வேலைக்குச் சேர்ந்து பயிற்சியில் வாத்தியார் பலகையில் கோடு போட்டபோது, அட, இது நம்ம தெப்பக்குளம் அல்லவா என்று சிரித்துவிட்டேன்.

கப்பலுக்கும் அதேதான். கிட்டத்து விளக்கு தாழ்வாக இருக்கும், தூரத்து விளக்கு உயரமாக இருக்கும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றால் மாலுமி ஆழமான தடத்தின் நடுவில் வருகிறான். மேல் விளக்கு வலது பக்கம் நகர்ந்து தெரிந்தால் கப்பல் வலது பக்கம் ஒதுங்கிவிட்டது என்று அர்த்தம், கீழ் விளக்கை நோக்கிச் சுக்கானைத் திருப்ப வேண்டும். வரைபடம் வேண்டாம், கணக்கு வேண்டாம், கண் இருந்தால் போதும். நம் மீனவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலுக்குள் வலை போட்ட இடத்தைக் கரையில் தெரிகிற கோயில் கோபுரத்தையும் பனைமரத்தையும் ஒன்றாக நிறுத்தித்தான் மனத்தில் குறித்துக்கொள்வார்கள். மணப்பாட்டில் திருச்சிலுவைக் கோயிலும் கலங்கரை விளக்கமும் ஒரே மணற்குன்றின்மேல் நிற்கின்றன. நான் விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது பகலில் அந்த ஊர்க்காரர்களுக்குக் கோயில்தான் அடையாளம், ராத்திரிக்குத்தான் நாங்கள்.

சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்கு அன்று இந்த உதவி தேவைப்பட்டது. வாயிலில் மணல் திட்டு. மணல் வந்து மூடாமலிருக்க 1878-இல் இரண்டு நீளமான கற்சுவர்களைக் கடலுக்குள் போட ஆரம்பித்தார்கள், வேலை 1890-களின் நடுவில்தான் முடிந்தது. பெரிய கப்பல்கள் வரத் தொடங்கிய அந்தச் சமயத்தில்தான் கோபுரத்தில் விளக்கு ஏறியது. பின் விளக்குக்கு உயரம் வேண்டும், புதிதாகக் கோபுரம் கட்டினால் செலவு. ஏற்கெனவே ஒன்று நிற்கிறது. அவ்வளவுதான் கதை. பக்திக்காகவோ அழகுக்காகவோ யாரும் அந்த விளக்கை வைக்கவில்லை. கோபுரம் நின்ற இடம் தோதாக இருந்தது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறொன்று. அந்தக் கோட்டை இருக்கிறதே, சம்டர் கோட்டை, 1861 ஏப்ரல் 12 அன்று அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் குண்டுகள் விழுந்தது அதன்மேல்தான். சார்ல்ஸ்டன் பக்கத்திலிருந்துதான் சுட்டார்கள். பிறகு எதிர்த்தரப்பு ஊரை முற்றுகையிட்டுக் குண்டு பொழிந்தபோது இந்தக் கோயிலும் அடி வாங்கியது. கோயில் மணிகளையோ அதற்கு முன்பே, 1862-இல், பீரங்கி வார்ப்பதற்கென்று இறக்கிக் கொடுத்துவிட்டார்கள். முதல் குண்டு விழுந்து முப்பத்திரண்டு வருடம் கழித்து அதே கோட்டையும் அதே கோயிலும் ஒரே கோட்டின் இரண்டு முனைகளாக நின்று கப்பல்களை உள்ளே கூப்பிட்டன. அந்தக் கோபுரத்தில் மறுபடி மணி ஏறியது 1976-இல்தான். யோசித்துப் பாருங்கள், சாமி. விளக்கு எரிந்த அந்த 22 வருடமும் அது மணியில்லாத கோபுரம். பூசைக்குக் கூப்பிட நாக்கு இல்லை, கடலில் வருகிறவனைக் கூப்பிட மட்டும் கண் இருந்தது.

கூப்பிடுவது என்று நான் சும்மா சொல்லவில்லை. கலங்கரை விளக்கம் என்ற நம் சொல்லிலேயே அது இருக்கிறது. கலம் என்றால் கப்பல். கரைதல் என்றால் அழைத்தல், காக்கை கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல். கலத்தைக் கரைகிற விளக்கம். பலபேர் 'கரை' என்றதும் கடற்கரை என்று நினைத்துக்கொள்கிறார்கள், எங்கள் இலாகாவிலேயே நினைத்தார்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் ஒரு துறைமுகத்தைப் பாடும்போது, ஏணி சாத்தி ஏறவேண்டிய, கூரை வேயாத உயரமான மாடத்தில் இரவில் தீ ஏற்றியதைச் சொல்லி 'ஓடுகலம் கரையும் துறை' என்கிறார். ஓடுகிற கலத்தைக் கூப்பிடும் துறை. சங்கம் வளர்த்த ஊரில் இருந்துகொண்டு இதை நாம் மறந்தால் எப்படி? அந்த ஏணியைச் சொன்னார் பாருங்கள், அங்கேதான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. விளக்கேற்றுகிறவனுக்கு முதல் கவலை ஏணிதான். பாட்டில் ஏணி இருக்கிறதென்றால் அவர் ஒரு விளக்குக்காரனைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்.

விளக்குக்கென்று எப்போதும் தனிக் கட்டடம் இருந்ததில்லை, நம் பக்கத்திலும். சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். 1796-இல் முதல் விளக்கு கோட்டைக்குள், இன்று அருங்காட்சியகமாக இருக்கிற கட்டடத்தின் உச்சியில், தேங்காய் எண்ணெயில் எரிந்தது. 1844-இல் ஒரு கல் தூண் கட்டி அங்கே மாற்றினார்கள். 1894-இல் உயர் நீதிமன்றத்தின் பெரிய கோபுரத்துக்கு மேலே ஏற்றினார்கள். கீழே வழக்கு, மேலே விளக்கு. 1977-இல்தான் மெரினாவில் இப்போது நிற்கிற சிவப்பு வெள்ளைக் கட்டடத்துக்கு வந்தது. இந்த நாலுமே ஒரே கேள்விக்குப் பதில்: கடலிலிருந்து பார்க்கிறவனுக்கு எது நன்றாகத் தெரியும்? மயிலாப்பூர்ப் பக்கம் பிரகாச மாதா கோயிலின் கதையோ இதற்கு நேர்மாறு. கடலில் திசை தெரியாமல் தவித்த போர்த்துகீசியர்கள் கரையில் ஒரு வெளிச்சத்தைப் பார்த்து வந்து சேர்ந்ததாகவும், அது மறைந்த இடத்தில் கோயில் கட்டியதாகவும் சொல்வார்கள். கல்வெட்டில் 1516 என்று இருக்கிறது. அங்கே விளக்கு முதலில், கோயில் பிறகு.

வாட்ஸ்அப்பில் இன்னொருவர் அமெரிக்காவின் பாஸ்டன் ஊர்க் கோயிலையும் இழுத்திருந்தார். 1775 ஏப்ரல் 18 இரவு அங்கே கோபுரத்தில் இரண்டு லாந்தர் காட்டினார்கள், ஆங்கிலேயப் படை தண்ணீர் வழியாகக் கிளம்புகிறது என்று அக்கரையில் இருந்த விடுதலைப் போராளிகளுக்குச் சொல்ல. உண்மைதான். காட்டியது ஒரு நிமிஷம்கூட இருக்காது. சொல்ல வேண்டியவனுக்குச் சொல்லியாயிற்று, இறக்கிவிட்டார்கள். அது போதுமானதாக இருந்தது.

இப்போது நம் கோபுரத்துக்கு வருகிறேன். சுழலும் விளக்கு யாரைக் கூப்பிடப் போகிறது? கலங்கரை விளக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளம் உண்டு. இத்தனை விநாடிக்கு இத்தனை முறை மின்ன வேண்டும் என்று ஊருக்கு ஊர் வேறு. அதை எண்ணிப் பார்த்துத்தான் இது பாம்பன், இது வேறு என்று மாலுமி தெரிந்துகொள்வான். எங்கள் பாஷையில் அதற்கு 'கேரக்டர்' என்று பெயர். சிவப்பு, பச்சை, நீலம் என்று தன்பாட்டுக்கு மாறுகிற விளக்குக்குக் கேரக்டர் கிடையாது. மனிதருக்குச் சொல்லும் வார்த்தைதான், விளக்குக்கும் பொருந்துகிறது. கடலோரத்தில் இப்படி ஒன்றை வைத்துக் கப்பலைக் குழப்பினால் அதற்குச் சட்டம் இருக்கிறது. விமான நிலையத்துக்குப் பக்கத்திலும் விமானியைக் குழப்புகிற விளக்கு வைக்கக் கூடாது. மதுரையில் விமானம் இறங்குகிறது என்பதை ஞாபகப்படுத்துகிறேன். அனுமதி கேட்டீர்களா என்று கேட்டால், கடைக்காரர் பார்த்துக்கொள்வார் என்கிறீர்கள். அவர் விளக்கு விற்கிறவர்.

அப்புறம் மணிக்கூண்டில் ஒரு ஜோடிக் கூகை வருடக்கணக்காகக் குடியிருக்கிறது. வயல் எலியைப் பிடித்துக்கொண்டு யாருக்கும் தொந்தரவில்லாமல் இருக்கிறது. ராத்திரி முழுக்க அதன் முகத்தில் வெளிச்சம் அடித்தால் போய்விடும். எதிர்த்த வீட்டில் கைக்குழந்தை வைத்திருக்கிறவர்கள் இதை உங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டு என்னிடம் சொன்னார்கள், சொல்லிவிட்டேன்.

பெரியவர் எதையும் வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று நினைக்காதீர்கள். கோபுரத்தில் விளக்கு வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். எங்கே, எதற்கு என்பதில்தான் பேச்சு.

நம் கோயிலுக்கு மேற்கே கண்மாய்க் கரை இருக்கிறது. மல்லிகைத் தோட்டங்கள் அந்தப் பக்கம். மொட்டு விரிவதற்குள் பறித்து மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதால் அந்த ஊர்ப் பெண்கள் இரண்டு, மூன்று மணிக்கே எழுந்து பறித்து, பையைத் தலையில் வைத்துக் கரைமேல் நடந்து, நம் கோயில் வாசலில் வந்து மினி பஸ்ஸுக்கோ ஷேர் ஆட்டோவுக்கோ நிற்பார்கள். நம் சபையினர் கொஞ்சம், மற்றவர்கள் அதிகம். என் அம்மா அந்தக் கரையில் பூச் சுமந்தவள். அப்போது கோபுரத்தின் முதல் தட்டில், கரையைப் பார்த்தாற்போல், தகரத் தொப்பி போட்ட ஒரு பல்பு தொங்கும். அதற்கு நேர் கீழே முன்னால், கரை முடிகிற இடத்தில் குருசடி, சிலுவை நிற்கிற சின்ன மேடை. குருசடியில் எப்போதும் ஒரு எண்ணெய் விளக்கு. மடையைத் தாண்டியதும் கரை நேராகிவிடும். அங்கே நின்று பார்த்தால் குருசடி விளக்குக்கு நேர் மேலே கோபுரத்துப் பல்பு. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு விளக்கும் ஒண்ணா இருக்கா பாரு, விலகுச்சுன்னா சொல்லு" என்பாள். விலகினால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல் பள்ளம். அவள் லீடிங் லைட் என்ற வார்த்தையைச் சாகும்வரை கேட்டிருக்க மாட்டாள்.

கரை போட்டவர்களும் கோபுரம் கட்டியவர்களும் பேசிவைத்துச் செய்திருக்க மாட்டார்கள். தோதாக அமைந்துவிட்டது.

நாலு வருடம் முன்பு வயரிங் மாற்றியபோது அந்தப் பல்பைக் கழற்றினார்கள், திரும்ப மாட்டவில்லை. குருசடியைச் சலவைக்கல் பதித்துப் புதுப்பித்தபோது கரி பிடிக்கிறதென்று எண்ணெய் விளக்கையும் எடுத்துவிட்டோம். எடுத்த கமிட்டியில் நானும் இருந்தேன், அந்தப் பழியை உங்கள் தலையில் மட்டும் போடவில்லை. இப்போது அவர்கள் ஒரு கையில் தலைச்சுமையும் மறு கையில் செல்போன் வெளிச்சமுமாக வருகிறார்கள். போன மழைக்காலத்தில் ஓர் அம்மா வயல் பக்கம் சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. பூப் பை முழுக்கச் சேற்றில். அவர் நம் கோயிலுக்கு வருகிறவர் இல்லை என்பதால் நமக்கு அது செய்தியாகவே வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை விடியற்காலை பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு டார்ச்சைக் குருசடி மேடையில் வைத்தேன். இன்னொன்றை அவன் கோபுர முதல் தட்டுக் கம்பியில் கட்டினான், கோயில் வேலைகளைக் கவனிக்கிற கோயில் பிள்ளையிடம் சாவி வாங்கித்தான். நான் மடைக்கு நடந்து போய்த் திரும்பிப் பார்த்தேன். நேராக இருந்தது. வேண்டுமென்றே இரண்டடி வயல் பக்கம் ஒதுங்கினேன், மேல் வெளிச்சம் விலகியது. இந்தப் பக்கம் வந்தேன், சேர்ந்தது. பூச்சுமையோடு வந்த இருவர், "என்னய்யா, தாத்தா இருட்டில டான்ஸ் ஆடுறாரு" என்றார்கள். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச தூரம் அப்படியே பார்த்துக்கொண்டே நடந்தார்கள். ஒருவர் செல்போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

செலவு அதிகமில்லை. சின்ன எல்.இ.டி. பல்பு இரண்டு, கோபுரத்துக்குக் கொஞ்சம் வயர், இரண்டுக்கும் மேலே தகரத் தொப்பி, வெளிச்சம் கரைப் பக்கம் மட்டும் போகும்படி. எதிர்வீட்டுக் குழந்தைக்கும் தொந்தரவில்லை, கூகைக்கும் இல்லை. நடைவிளக்குப் போல மஞ்சள் நிறமாக இருக்கட்டும், தெருவிளக்கின் வெள்ளையில் கலந்து குழப்பாது. இரவு இரண்டு மணிக்கு எரிந்து ஆறு மணிக்கு அணையும்படி டைமர் வைத்துவிடலாம். திருவிழாவுக்குச் சீரியல் பல்பு போடுவதென்றால் போடுங்கள், பத்து நாள்தானே, பிள்ளைகளுக்கு ஆசையாக இருக்கும். சப்பரம் சுற்றி வரும்போது எனக்கும் பிடிக்கும். உச்சியில் சுழலும் விளக்கு மட்டும் வேண்டாம். அந்தக் கடைக்காரருக்கு முன்பணம் கொடுக்கும் முன்பு நீங்கள் ஒருநாள் என்னோடு மடைவரை வர வேண்டும், சாமி. மூன்று மணிக்கு. கொசு கடிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

தொப்பிக்குத் தகரம் என்னிடம் இருக்கிறது. வெட்டி வைத்துவிட்டேன். முதல் தட்டுக்கு ஏற நம் கோயில் ஏணி இரண்டு படி உடைந்து கிடக்கிறது, அதைச் சரிசெய்து கொடுத்தால் போதும், பேரன் ஏறுவான். என்னை ஏற விடமாட்டேன் என்கிறான்.

இப்படிக்கு,
உங்கள் பங்கைச் சேர்ந்த லைட்டவுசு தாத்தா